கடலோர நகரில் உறக்கப்பை பேணும் முறை

குளிர்காலத்தில் மும்பையினின்றும் சஹ்யாத்திரி மலைகளுக்கு முகாம் செல்லும் மாணவர் தொகை சிறிதன்று. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்ச் சிறார்களும் சாரணராகவோ பள்ளியின் இயற்கைக் கழகத்தினராகவோ இம்முகாம்களிற் பங்கு கொள்கின்றனர். ஜனவரி மாதத்தில் மும்பையின் இரவு உஷ்ணநிலை சராசரியாக 16, 17 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆனால் உயரம் ஒவ்வோர் 1,000 மீட்டர் கூடுந்தோறும் உஷ்ணநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி தாழும் என்பது பொதுவிதி. இவ்விதியைக் கொண்டு கணக்கிடின், மகாராஷ்டிர மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாயின் உச்சியில் அதே இரவில் 6 டிகிரி அளவே இருத்தல் கூடும். காற்று வீசுமாயின் உடல் உணரும் குளிர் இன்னும் மிகும். தகரக் கூரையின் கீழ், பலர் நெருங்கிப் படுக்கும் அறையில் வளர்ந்த சிறுவனுக்கு இக்குளிர் முற்றிலும் புதிது. அவனுக்கும் அக்குளிருக்கும் இடையே நிற்பது ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப்பை ஒன்றே.

சென்ற ஆண்டு கதகதப்பாக இருந்த பை இவ்வாண்டு குளிர்கிறது என்னும் குறை முகாம்களில் அடிக்கடி எழுவதுண்டு. பையின் தரத்தையும் விற்றவரையும் குறை கூறுதல் எளிது. ஆயினும், பெரும்பாலான பைகள் மலையிற் கழிக்கும் சில இரவுகளில் கெடுவதில்லை. முகாமுக்கும் முகாமுக்கும் இடையே நகரத்தில் அவை சுருட்டிக் கிடக்கும் எட்டு, ஒன்பது மாதங்களிலேயே கெடுகின்றன. ஆகவே பையைப் பேணும் வேலை, முகாம் முடிந்து இரயில் தாதரையோ குர்லாவையோ வந்தடைந்த அன்று தொடங்குகிறது எனலாம்.

பையின் வெப்பம்

உறக்கப்பை வெப்பத்தைத் தருவதில்லை. உடலில் உண்டாகும் வெப்பம் வெளியேறாதபடி தடுப்பதே அதன் வேலை. அங்ஙனம் தடுப்பதும் துணியன்று, பஞ்சுமன்று. பஞ்சின் நுண்ணிழைகளுக்கு இடையே அசையாது சிறைப்பட்டிருக்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. இதனைத் தமிழ் மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. இலவம்பஞ்சு மெத்தை நாள்பட்டு அமுங்கியபின் அதனை வெயிலில் இட்டுத் தட்டினால் மீண்டும் பூரித்தெழுவதையும், அவ்வாறு பூரித்த மெத்தை மென்மையாவதோடு வெம்மையும் பெறுவதையும் கிராமத்தில் யாவரும் கண்டிருப்பர். பூரிப்பு என்பது பஞ்சுக்குள் காற்று மீண்டும் புகுந்ததற்கு அடையாளம்.

இக்காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளுமாயின் விளைவு யாது? நீர், அசையாக் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்த வல்லது. அன்றியும் ஈரம் புகுந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பையின் தடிப்பும் குறைகிறது. ஈரமான பையில் குளிரிரவைக் கழிக்கும் சிறுவனின் உடல் உஷ்ணநிலை 35 டிகிரிக்குக் கீழ் இறங்குமாயின் அது உயிருக்கே ஊறு செய்யும் நிலையாகும் என்பதை முகாம் நடத்துவோர் மறத்தலாகாது.

உறக்கப்பைகளில் நிரப்பும் பொருள் இருவகைப்படும். ஒன்று வாத்து அல்லது பெருவாத்தின் மார்புப் பகுதியிலுள்ள மெல்லிய தூவி. தூவியைப் படுக்கைக்குப் பயன்படுத்தும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் படுக்கையைக் கூறுமிடத்து அன்னத்தின் தூவி பேசப்படுகிறது. மற்றொன்று பாலியஸ்டர் எனப்படும் செயற்கை இழை. தூவி எடை குறைந்தது, நன்கு பூரிப்பது. ஆனால் அது கம்பளியைப் போன்ற புரதப் பொருளாதலின் ஈரத்தை ஈர்ப்பது, அந்துப்பூச்சிக்கும் இரையாவது. பாலியஸ்டர் இழை ஈரத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நனைந்தாலும் ஓரளவு பூரித்தே நிற்கும், விரைவில் உலரும். கடலோர நகரில் பல கைகள் மாறிப் பயன்படும் பள்ளிக்கூடப் பைகளுக்குச் செயற்கை இழையே ஏற்றது. தூவிப்பை வாங்கும் பள்ளி, அதனைப் பேண ஒருவரை நியமிக்கவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

பையுடன் வரும் சீட்டில் மூன்று உஷ்ணநிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. 23537 என்னும் சர்வதேச நியமப்படி, வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மையைப் பையினுள் கிடத்தி இவை கணிக்கப்படுகின்றன. முதல் எண் சுகமாக உறங்கத்தக்க நிலை. இரண்டாவது, பழகியவர் உடலைக் குறுக்கிக்கொண்டு உறங்கக்கூடிய எல்லை. மூன்றாவது, உறக்கத்தைப் பற்றியதன்று, உயிர் தப்புவதைப் பற்றியது. மாணவர்க்குப் பை தேர்ந்தெடுப்போர் முதல் எண்ணை மட்டுமே கருதுதல் நலம். அவ்வெண்ணும் உலர்ந்த, நன்கு பூரித்த பைக்கே பொருந்தும்.

மும்பையின் ஈரம்

தாராவிக்கு அடுத்த மாட்டுங்காவில், 1924ஆம் ஆண்டு இந்திய மத்தியப் பருத்திக் குழுவின் தொழில்நுட்ப ஆய்வுக்கூடமாகத் தோன்றி, இன்று மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் நிலையம் ஒன்றுண்டு. இத்தகைய ஆய்வுக்கூடங்களில் இழையைச் சோதிக்குமுன் அதனைக் குறிப்பிட்ட சூழலில் வைத்துப் பதப்படுத்துவர். நம் நாட்டின் நியமப்படி அச்சூழல் 27 டிகிரி உஷ்ணமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டது. இவ்வளவு கவனம் எதற்கெனில், காற்றிலுள்ள ஈரம் மாறுந்தோறும் இழையின் எடையும் வலிமையும் மாறுகின்றன. மேற்கூறிய சூழலில் 100 கிராம் உலர்ந்த பருத்தி 7, 8 கிராம் நீரைத் தன்னுள் ஏற்கும். அதே எடையுள்ள பாலியஸ்டர் ஏற்பது அரை கிராமுக்கும் குறைவு.

ஆய்வுக்கூடத்திற்கு வெளியே, ஜூன் மாத நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை மும்பையின் காற்று 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரத்துடனேயே பெரும்பாலும் இருக்கின்றது. பூஞ்சணம் தழைப்பதற்கு இவ்வீரமே போதும். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாழ்ந்த நிலமாகிய தாராவியிலோ, ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் வீடுகளும் தொழிற்கூடங்களும் நெருங்கி நிற்பதால் காற்றோட்டமும் குறைவு. இங்கே சுவரையொட்டிய இரும்புப் பெட்டியில், சிறு உறையினுள் இறுகத் திணித்து வைக்கப்பட்ட பை, நான்கு மாத மழைக்காலத்தில் மூன்று வகையாற் கெடுகிறது. அமுக்கத்தால் இழைகள் மடிந்து பூரிக்கும் தன்மையை இழக்கின்றன. உள்ளே தங்கிய வியர்வையின் ஈரம் வெளியேற வழியின்றி நிற்கிறது. அவ்வியர்வையும் தோல் எண்ணெயும் பூஞ்சணத்திற்கு உணவாகின்றன.

வியர்வையின் அளவைப் பலர் குறைத்து மதிப்பிடுகின்றனர். வியர்க்காத நிலையிலும் மனித உடல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவு நீரை இழக்கிறது. எட்டு மணி நேர உறக்கத்தில் இது கால் லிட்டராகும். இதில் தோல்வழி வெளியாவதன் ஒரு பகுதி பையிலேயே தங்கும். தலையையும் பைக்குள் இழுத்துக்கொண்டு உறங்கும் சிறுவர் மூச்சின் ஈரத்தையும் அதனுடன் சேர்த்துவிடுகின்றனர். முகாமில் காலையில் எழுந்தவுடன் பையைச் சுருட்டாமல், உட்புறத்தை வெளியே திருப்பி அரைமணி நேரமேனும் காற்றில் விரித்து வைக்கும்படி பழக்குதல், ஆசிரியர் செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள காரியம்.

துவைக்கும் காலம்

உறக்கப்பையை அடிக்கடி துவைத்தல் நன்றன்று. ஒவ்வொரு சலவையும் அதன் ஆயுளைச் சிறிது குறைக்கும். இருபது, முப்பது இரவுகள் பயன்பட்ட பின்னர், அல்லது நாற்றமும் பிசுக்கும் தெளிவாகத் தோன்றிய பின்னரே முழுச் சலவை வேண்டும். மும்பையில் அதற்குரிய மாதம் மார்ச். முகாம் பருவம் முடிந்திருக்கும், வெயிலும் உண்டு, காற்றின் ஈரமும் மழைக்காலத்தை நோக்கக் குறைவு. மேலும் நீண்ட காலம் சேமித்து வைக்குமுன் பை தூய்மையாதல் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் முடிய எக்காரணத்தைக் கொண்டும் தூவிப்பையை வீட்டில் துவைத்தலாகாது. அக்காலத்தில் அது உலராமலே அழுகும்.

நீரின் தேவையையும் முன்கூட்டி எண்ணுதல் வேண்டும். பையொன்று மூழ்குவதற்கு 40, 50 லிட்டர் கொள்ளும் தொட்டி தேவை. ஒருமுறை துவைத்து நான்குமுறை அலசுவதற்கு 200 லிட்டருக்கு மேல், அஃதாவது ஒரு பெரிய பீப்பாய் நீர் செலவாகும். பொதுக்குழாயில் குறித்த மணி நேரமே தண்ணீர் வரும் சந்துகளில் இது ஒரு குடும்பத்தின் ஒருநாள் தேவையை விழுங்கிவிடும். மாணவர் வீட்டுக்குப் பையைக் கொடுத்தனுப்பி ‘துவைத்துக் கொண்டு வா’ என்று கூறும் வழக்கம் இக்காரணத்தாலேயே தகாதது. கழிமுகத்தை அடுத்த கிணறுகளின் உவர்நீரைப் பயன்படுத்தலும் பயனில்லை. அதில் சோப்பு நுரைப்பதில்லை, அலசிய பின்னும் உப்பு துணியில் தங்கி ஈரத்தை ஈர்க்கும். பள்ளிப் பைகள் அனைத்தையும் ஒன்றாகத் திரட்டி, முன்பக்கம் திறக்கும் பெரிய இயந்திரமுள்ள சலவைக் கடையில் ஒரே நாளில் கொடுத்தலே சிக்கனம். மேற்புறம் திறந்து, நடுவில் சுழல்தண்டு உடைய இயந்திரம் உள்தடுப்புகளைக் கிழித்துவிடும். மகாலட்சுமியில் 1890ஆம் ஆண்டு முதல் நிலைத்துள்ள சலவைத்துறையைப் போன்ற இடங்களில் துணியைக் கல்லில் அறைந்து வெளுக்கும் முறை வேட்டிக்கும் விரிப்புக்கும் ஏற்றதே. உறக்கப்பைக்கு அது முற்றிலும் ஆகாது.

கையினால் துவைப்போர் கவனிக்க வேண்டியவை

முதலில் ஜிப்பை முழுதும் இழுத்து மூடி, பையின் உட்புறத்தை வெளியே திருப்புக. கழுத்துப் பகுதியும் தலைமூடியும் மிக அழுக்கேறும் இடங்கள். நம் சிறுவர்கள் தலையில் தடவும் தேங்காயெண்ணெய் அங்கே படிகிறது. இவ்வெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் இயல்புடையதாதலால், மலைக்குளிரில் அது மெழுகைப் போல் துணியில் இறுகி நிற்கும். குளிர்ந்த நீரில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. 30 முதல் 35 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசலை எடுத்து, பழைய பல்தூரிகையால் அவ்விடங்களை மட்டும் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். பல ஆண்டுகளில் இந்தப் பகுதிச் சலவையே போதுமானதாகிவிடும்.

முழுச் சலவைக்கும் அதே வெதுவெதுப்பான நீரே ஏற்றது. கடைகளிற் கிடைக்கும் சலவைக் கட்டியும் தூளும் காரத்தன்மை மிக்கவை. அவை தூவியின் இயற்கை எண்ணெயை நீக்கி அதனை நொறுங்கச் செய்யும். கறை நீக்கும் பொருட்டு நொதிகள் சேர்த்த தூள்கள் புரதத்தைச் செரிக்க வல்லனவாதலின் தூவிக்குக் கேடு விளைவிக்கும். நடுநிலையான திரவ சோப்பே சிறந்தது. வெளுப்புத்தூள், நீலம், கஞ்சி, துணியை மென்மையாக்கும் திரவம் ஆகிய எதனையும் சேர்த்தலாகாது. பையைத் தொட்டியில் அமிழ்த்தி, உள்ளங்கையால் மாவு பிசைவதுபோல் அமுக்கி அமுக்கி விடுதல் வேண்டும். முறுக்குதலும் அடித்தலும் கூடா. நுரை அறவே நீங்கும்வரை அலசுக. எஞ்சிய சோப்பு இழைகளை ஒட்டச் செய்து பூரிப்பைக் கெடுக்கும்.

நனைந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்குவதே மிகுதியாக நிகழும் பிழை. உலர்ந்தபோது ஒன்றரை கிலோ உள்ள பை, நீர் நிறைந்தபோது பன்மடங்கு கனக்கும். அக்கனம் முழுதும் ஒரு முனைக்கு இறங்கி, உள்ளேயுள்ள மெல்லிய தடுப்புத் துணிகளை அறுத்துவிடும். பின்னர் தூவி முழுதும் கால்பக்கம் குவிந்து மேற்பகுதி வெறுந்துணியாகும். தொட்டியிலேயே நீரை வடித்து, கையால் அழுத்திப் பிழிந்து, அடியில் இரு கைகளையும் கொடுத்துக் குழந்தையை ஏந்துவதுபோல் எடுத்தல் வேண்டும்.

உலர்த்துதல்

துவைத்தலைவிட உலர்த்தலே கடினம். கயிற்றில் தொங்கவிடாமல் கட்டிலின் மீதோ, இரண்டு மூன்று கயிறுகளை அருகருகே கட்டி அவற்றின் மீதோ பரப்புக. நண்பகலில் கைவைக்க இயலாதபடி காயும் தகரக் கூரைமீது நேராக விரிப்பது தவறு. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நைலான் துணியை நாளடைவில் நைந்துபோகச் செய்யும். மேலே பழைய சேலை ஒன்றைப் போர்த்திக் காற்று வீசும் இடத்தில் உலர்த்துதல் சிறந்தது. மணிக்கொருமுறை திருப்பிப் போட்டு, தூவி கட்டிகளாகத் திரண்ட இடங்களை விரல்களால் உதிர்த்தல் வேண்டும். செயற்கை இழைப்பை ஒரு நாளில் உலரும். தூவிப்பைக்கு மார்ச் மாத வெயிலிலும் இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். இரவில் பனி படாதபடி உள்ளே எடுக்க வேண்டும்.

சலவைக் கடையில் சூடான காற்றில் சுழற்றி உலர்த்தும் இயந்திரம் இருக்குமாயின், மிகக் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளை உடன் இட்டுச் சுழற்றலாம். அவை தூவிக் கட்டிகளைத் தட்டி உடைக்கும். சந்துகளில் கிரிக்கெட் ஆடிய பந்துகள் இதற்கு ஆகா. புதிய பந்தாயினும் சாயம் இறங்காதபடி வெள்ளைக் காலுறையினுள் இட்டுக் கட்டுதல் நல்லது.

பை உலர்ந்ததா என்பதைக் கையால் தொட்டு அறிய இயலாது. மேல்துணி உலர்ந்த பின்னும் உள்ளே ஈரம் நிற்கும். தராசே நம்பத்தக்கது. புதுப்பை வந்தவுடன், வறண்ட நாளொன்றில் கொக்கித் தராசில் நிறுத்து எடையைத் துணிச்சீட்டில் எழுதிப் பையிலேயே தைத்துவிடுக. சலவைக்குப்பின் அவ்வெடைக்கு இறங்கிய பின்னரே பை உலர்ந்ததாகக் கொள்ளலாம். 1,500 கிராம் பை 1,600 கிராம் காட்டுமாயின், 100 மில்லிலிட்டர் நீர் உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது பொருள்.

மழைக்காலச் சேமிப்பு

கடையிலிருந்து பையுடன் வரும் சிறிய இறுக்க உறை பயணத்திற்கு மட்டுமே உரியது. வீட்டில் பை தளர்வாக இருத்தல் வேண்டும் என்று எல்லா நூல்களும் கூறும். 10 அடிக்கு 10 அடி அளவுள்ள அறையில் ஐந்தாறு பேர் வாழுமிடத்தில் இவ்விதி எங்ஙனம் செல்லும் என்பதை அந்நூல்கள் கூறுவதில்லை. தரையிலும் பெட்டியிலும் இடமில்லையாயினும் கூரைக்கடியில் இடமுண்டு. பருத்தித் துணியாலான பெரிய பையில் தளர்வாக இட்டு, சுவரைத் தொடாதபடி பரணின் குறுக்குச் சட்டத்தினின்று தொங்கவிடலாம். சமையற்புகையும் கூரை ஒழுக்கும் படாத இடமாதல் வேண்டும். மழை ஓய்ந்து வெயில் காணும் நாட்களில், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும், வெளியே எடுத்து உதறிக் காற்றாட விடுக.

பள்ளியில் பத்து இருபது பைகளை ஒருங்கே வைக்கும்போது வேறொரு முறை நன்மை தரும். எடையினால் சோதித்து முற்றிலும் உலர்ந்தனவெனக் கண்ட பைகளை, இறுகமூடும் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில் அமுக்காமல் இட்டு, சிலிக்கா ஜெல் எனும் ஈர உறிஞ்சியைத் துணிமுடிச்சாக உள்ளே வைத்து மூடலாம். சிறிதேனும் ஈரம் எஞ்சிய பையை இவ்வாறு மூடினால் அது பூஞ்சணத்தை வளர்க்கும் பாத்திரமாகிவிடும். தாராவியின் மறுசுழற்சிக் கூடங்களில் மலிவாகக் கிடைக்கும் நீலப்பீப்பாய்களுள் இரசாயனங்கள் அடைத்திருந்தவற்றை இதற்கு வாங்கலாகாது. உணவுப்பொருள் வந்தவையெனத் தெரிந்தவையே தக்கன.

அந்துருண்டையைப் பற்றித் தனியே கூறுதல் அவசியம். அதிலுள்ள நாப்தலீன் ஆவி துணியிற் பல நாள் தங்கும். ஜி-6-பி-டி என்னும் நொதிக்குறை பிறவியிலேயே உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை இவ்வாவி சிதைக்கக்கூடும். எந்த மாணவனுக்கு இக்குறை உண்டு என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முகமும் மூக்கும் இரவு முழுதும் புதைந்திருக்கும் பையில் அந்துருண்டை இடுதல் கூடாது. தூய்மையான பையை அந்துப்பூச்சி அதிகம் நாடுவதுமில்லை.

மூட்டைப்பூச்சியும் சிரங்கும்

ஒரு பையைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்துமிடத்து இவ்விரண்டும் பரவுதல் கூடும். சிரங்கு நோய்க்குக் காரணமான உண்ணிகள் மனிதத் தோலை விட்டு இரண்டு மூன்று நாட்களுக்குமேல் உயிர்வாழா. ஐயமுள்ள பையை இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் ஒதுக்கி வைப்பின் போதும், துவைக்க வேண்டுவதில்லை. மூட்டைப்பூச்சி அத்தகையதன்று, இரையின்றிப் பல மாதங்கள் வாழும். 50 டிகிரி அளவுள்ள சூட்டில் அதுவும் அதன் முட்டைகளும் மடிகின்றனவாயினும், வெயிலில் விரித்த பையில் பூச்சி நிழற்பக்கம் நகர்ந்து தப்பிவிடும். சலவைக் கடையின் உலர்த்தும் இயந்திரமே இதற்கு ஏற்றது.

இவை அனைத்தையும்விட எளிய காப்பு, மாணவர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் உள்ளுறை வைத்திருத்தல். 5.5 மீட்டர் நீளமுள்ள பழைய பருத்திச் சேலையில் 4.4 மீட்டரை வெட்டிக் குறுக்கே இரண்டாக மடித்தால் 2.2 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் உள்ள பை கிடைக்கும். இரு பக்கங்களையும் தைத்து, ஒரு பக்கத்தில் மேலிருந்து அரை மீட்டர் திறப்பு விடுக. எஞ்சும் 1.1 மீட்டர் துண்டே மேற்கூறிய சேமிப்புப் பைக்குச் சரியாகும். வியர்வையும் தலையெண்ணெயும் உள்ளுறையில் தங்குகின்றன. அதனை ஒரு வாளி நீரில் துவைத்து அன்றே உலர்த்தலாம். பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் மராட்டியரின் கோதடியைத் தாராவியில் அறியாத வீடு குறைவு. அதே கைத்தையல் இதற்கும் போதும்.

ஜிப்பின் ரன்னர் தேய்ந்தாலும் துணி கிழிந்தாலும் தாராவியின் பைத்தையற் கூடங்களில் சீர்செய்வோர் பலருண்டு. ஆயினும் தூவிப்பையின் கிழிசலைத் தைக்கச் சொல்லாமல் ஒட்டுத்துணி கொண்டு அடைக்கச் சொல்ல வேண்டும். ஊசித் துளை ஒவ்வொன்றிலும் தூவி கசியும். இரு துணிகளையும் சேர்த்து ஊடுதையல் இட்டால், அக்கோட்டில் பஞ்சு அமுங்கிக் குளிர் நுழையும் வழியாகும்.

வகுப்பில் ஒரு சோதனை

ஒரே அளவுள்ள மூன்று தகரக் குவளைகளில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுக. முதற் குவளையைத் தளர்வான பஞ்சாலும், இரண்டாவதை அதே எடைப் பஞ்சை இறுக அமுக்கியும், மூன்றாவதை அதே பஞ்சை நனைத்துப் பிழிந்தும் சுற்றுக. ஐந்து நிமிடத்திற்கொருமுறை உஷ்ணமானியால் அளந்து வரைபடம் வரைவிக்கலாம். மூன்று கோடுகளும் பிரிந்து செல்வதை ஏழாம் வகுப்பு மாணவரும் காண்பர். பின்னர் பள்ளியின் உறக்கப்பை ஒன்றை உதறி மேசைமீது விரித்து, அரைமணி கழித்து அதன் தடிப்பை அடிக்கோலால் அளந்து எடையுடன் பதிவேட்டில் குறிக்கச் செய்க. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் இறுதியில், முதல் முகாமுக்கு முன்பாக, இவ்விரு அளவுகளையும் மீண்டும் எடுத்து முன்னைய ஆண்டின் குறிப்போடு ஒப்பிடுக. எடை கூடியிருந்தால் பையை மேலும் உலர்த்துக. எடை சரியாயிருந்தும் தடிப்பு குறைந்த பையை மலைக்கு அனுப்பாமல், மழையற்ற காலத்தில் நகரிலேயே நடக்கும் ஓரிரவு முகாம்களுக்கு ஒதுக்கி வைக்கலாம்.